மலையக ரோட்டுக்கு எந்த பைக்: வேகமானதா, அட்வென்சர் டூரரா, லேசான ட்ரெயில் பைக்கா?

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய பைக்கை ஒட்டுப்போட்டு ஓட்டியவர்கள் இப்போது மாற்ற நினைக்கிறார்கள். தோட்டப் பாடசாலைக்குப் போய்வரும் இளம் ஆசிரியர், ஹட்டனில் வங்கி வேலை பார்க்கும் தம்பி, வாரக்கடைசியில் கொழும்பிலிருந்து வீடு வரும் பையன் என எல்லோருக்கும் ஒரே குழப்பம்: யமஹா ஆர்15, கேடிஎம் டியூக் போன்ற வேகமான பைக்கா, நீண்ட தூரத்துக்கும் கரடுமுரடான ரோட்டுக்கும் ஏற்ற, ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் போன்ற அட்வென்சர் டூரரா?

இந்த இரண்டோடு மூன்றாவதாக, மண் ரோட்டுக்கும் ஏற்ற லேசான ட்ரெயில் பைக்கையும் சேர்க்கிறேன். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஒரு பக்கம். ஜப்பானிலிருந்து ரிகண்டிஷனாக வந்த சுசுகி ஜெபல், யமஹா செரோ, ஹொண்டா எக்ஸ்ஆர் பாஹா போன்றவை இன்னொரு பக்கம். மலையில் தினமும் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது இந்த மூன்றாவது வகைதான் என்பது என் எண்ணம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். பொருந்தாதவர்களும் உண்டு, அவர்களையும் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

கண்ணுக்கு எட்டும் தூரம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் பைக் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். எதிரே வருவதைக் கண்டு கை பிரேக்குக்குப் போகவே அந்த ஒரு விநாடி ஆகும். நனைந்த ரோட்டில், இறக்கத்தில், அதற்குப் பிறகு நிற்க இன்னும் 45 மீட்டருக்கு மேல் வேண்டும். மொத்தம் 60 மீட்டரைத் தாண்டிவிடும். அதே இடத்தில் 40இல் வந்தால் 30 மீட்டரை ஒட்டி நிறுத்திவிடலாம். கினிகத்தேனைக்கு மேலேயும் இறம்பொடை ஏற்றத்திலும் பல வளைவுகளில் அந்த 30 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரியும். மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை. எஞ்சின் எத்தனை குதிரைவலு தந்தாலும் அந்த வளைவின் வேகம் ஒன்றுதான்.

நேரக் கணக்கையும் பாருங்கள். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 77 கிலோமீட்டர். சாதாரணமாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அதில் நேரான துண்டுகளை எல்லாம் சேர்த்து ஒரு 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 60க்குப் பதில் 80இல் பறந்தால் மிச்சமாவது இரண்டரை நிமிடம். சட்டப்படி மோட்டார் சைக்கிளுக்கு ஊர்ப் பகுதிக்குள் 50, வெளியே 70தான் எல்லை. அதிவேக நெடுஞ்சாலைக்குள் மோட்டார் சைக்கிளை விடுவதே இல்லை. ஆகவே 130, 140 ஓடும் பைக் வாங்கினாலும் அந்த வேகத்துக்கு இந்த நாட்டில் ரோட்டு இல்லை.

உங்கள் பாதையின் மிக மோசமான கிலோமீட்டர். மெயின் ரோட்டு கார்பட்டாக, அதாவது வழவழப்பான தார் ரோட்டாக இருக்கும். அதைவிட்டுத் திரும்பி டிவிஷனுக்கு (தோட்டத்தின் உட்பிரிவுக்கு) போகும் தோட்டத்து ரோட்டு எப்படி இருக்கும்? கல் பதித்து வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது, தார் கண்டு வருடக்கணக்கானது, மழைத் தண்ணீர் நடுவே வாய்க்கால் வெட்டிப்போன ரோட்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையையே உலுக்கிப் போட்ட பிறகு, நல்ல ரோட்டிலும் திடீரென்று மண்ணும் ஜல்லியுமாக ஒரு துண்டு வரலாம். பைக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தத் துண்டை மனதில் வைத்துத்தான்.

எடையும் காலும். இதைக் கடைசியாக யோசிக்கிறவர்கள்தான் அதிகம். மலையில் இதுதான் முதலில் வரவேண்டும். அட்வென்சர் பைக் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

பின்னால் யார், என்ன. சேலை கட்டிய அம்மா ஏறி உட்கார முடியுமா? மரக்கறி மூட்டையும், சில நாள் 12.5 கிலோ கேஸ் சிலிண்டரும் போகுமா?

பாஸும் பார்ட்ஸும். உங்கள் டவுனில் இருக்கும் பாஸ் (மெக்கானிக்) அந்த எஞ்சினைத் திறந்தவரா, கிளட்ச் பிளேட் கடையில் இருக்கிறதா, அல்லது கண்டிக்கோ கொழும்புக்கோ சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டுமா?

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. காற்று மெலிவதால் எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை அங்கே இழக்கிறது. இது எல்லா பைக்குக்கும் பொது. கார்புரேட்டர் பைக் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: பெற்றோல் கூடுதலாகக் கலந்து, பிளக் கறுத்து, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இன்ஜெக்ஷன் பைக் பெற்றோல் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும்.

## வேகமான பைக்: ஆர்15, பஜாஜ் என்எஸ்200, டியூக், கேடிஎம் ஆர்சி

இவற்றின் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 17 அங்குலச் சக்கரமும் அகலமான ரோட்டு டயரும் கார்பட்டில் பிடித்துப்போகும் அழகு தனி. பிரேக் கூர்மையானது. பிரேக் பிடிக்கும்போது முன் ஷொக் அதிகம் அமுங்காது. வளைவில் விட்ட கோட்டிலேயே பைக் போகும். கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக ஏறும் ரோட்டில் நல்ல காலநிலையில் ஓட்டினால் இது புரியும்.

இதைவிடப் பெரிய நன்மை முந்திச் செல்வதில் இருக்கிறது. ஏற்றத்தில் பஸ் 25இல் ஊர்கிறது. அதைத் தாண்டி மறுபடி நம் பக்கம் வர, பஸ்ஸைவிட 30 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். 45இல் முந்தினால் ஐந்தரை விநாடி எதிர்ப்பக்க ரோட்டில் இருப்போம். சட்டென்று 55 பிடிக்கும் பைக்கில் அது நாலு விநாடிக்குள் முடியும். பின்னால் ஆளோடு ஏறும் 100 சிசி, 125 சிசி பைக்கை ஓட்டியவர்களுக்கு அந்த ஒன்றரை விநாடியின் பெறுமதி தெரியும். வலு அங்கே உயிர்காக்கும் விஷயம்.

ஆனால் எல்லா வேகமான பைக்கும் இதில் ஒன்றல்ல. ஆர்15இன் முறுக்குவிசை (சக்கரத்தைச் சுழற்றும் இழுவை) 15 நியூட்டன் மீட்டருக்கும் குறைவு, அதுவும் மொடலைப் பொறுத்து நிமிடத்துக்கு 7,500 முதல் 8,500 சுற்றில்தான் முழுதாக வருகிறது. ஹேர்பின் வளைவில் முன்னே கொழுந்து லொறி நிற்பது போல் ஏறும்போது, உங்கள் வேகம் 10, 12தான். கியர் ஒன்று, எஞ்சின் சுற்று கீழே. விட்டால் இழுக்காது, கொடுத்தால் குதிக்கும். கிளட்சைப் பாதி பிடித்துப் பிடித்து ஏற்றுவீர்கள். தினமும் இப்படி ஏறினால் கிளட்ச் பிளேட் காலத்துக்கு முன்பே போகும். கீழ் ஹேண்டிலில் குனிந்து, ஹேண்டில் முழுதாகத் திரும்பாமல், அந்த வளைவை எடுப்பது மணிக்கட்டுக்கும் வேதனை. அதே வேகமான கூட்டத்தில் என்எஸ்200, டியூக் போன்ற நிமிர்ந்த ஹேண்டில் பைக்குகள் எவ்வளவோ மேல். மலையில் இருப்பவர் வேகமான பைக்தான் வேண்டும் என்றால் ஃபெயரிங் (முன்புற பிளாஸ்டிக் மூடி) இல்லாத 200 சிசியைப் பார்க்கட்டும். ஆர்15, ஆர்சி வகையை, வீட்டில் இன்னொரு பைக் இருப்பவர் தவிர வேறு யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறைந்திருக்கும் செலவுகள்: ஈரப் பாசியில் நின்றபடியே ஒரு தடவை சாய்ந்தால் போதும், ஃபெயரிங் வெடிக்கும், லிவர் உடையும். தரைக்கும் எஞ்சினுக்கும் இடையே 170 மில்லிமீட்டர் அளவுதான் இருப்பதால் தோட்டத்து ரோட்டுக் கல் சைலன்சரையும் எஞ்சின் அடியையும் தேடிவரும். பள்ளத்தில் வேகமாக விழுந்தால் அலோய் ரிம் வளையும் அல்லது வெடிக்கும். அதிக அழுத்த எஞ்சின் உள்ள கேடிஎம் போன்றவற்றுக்கு 95 ஒக்டேன் நல்லது. 95 இல்லாத பெற்றோல் நிலையங்கள் மலையில் உண்டு.

பின் சீட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், ஆர்15இல் அம்மாவை ஏற்ற நினைக்காதீர்கள்.

## அட்வென்சர் டூரர்: ஹிமாலயன், 390 அட்வென்சர்

2016இல் வந்த 411 சிசி ஹிமாலயனின் வலு 25 குதிரைவலுவுக்குள்தான். கடுதாசியில் பார்த்தால் பாதி சிசி உள்ள என்எஸ்200க்குச் சமம். ஆனால் 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 4,000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. மேலே சொன்ன ஹேர்பினில் இது கிளட்சைத் தொடாமல் ஏறும். 2023 கடைசியில் வந்த 452 சிசி ஹிமாலயன் 40 குதிரைவலு. முந்திச் செல்லும் கணக்கில் எதற்கும் குறைவில்லை.

21 அங்குல முன்சக்கரம், 200 மில்லிமீட்டர் அமுங்கும் முன் ஷொக். இவை எதற்கு என்று கேட்பவர்கள், எதிரே வளைவை முழுதாக எடுத்துக்கொண்டு வரும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். நமக்குக் கிடைப்பது ரோட்டு ஓரம் மட்டும். தார் முடிந்து நாலு அங்குலம் கீழே ஜல்லி, அதற்கப்பால் கான். 17 அங்குலச் சக்கரம் அந்த விளிம்பில் இறங்கினால் மறுபடி ஏறும்போது விளிம்போடு உரசிப் பைக்கைச் சாய்க்கப் பார்க்கும். பெரிய சக்கரம் ஏறி வந்துவிடும். கண்ணாடித் தடுப்பு நெஞ்சில் படும் குளிர்காற்றைத் தடுக்கும். விறைத்துப்போன உடம்பும் விரலும் பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கும் என்பதால் இது சொகுசு விஷயம் மட்டுமல்ல.

பிரச்சினை எடையில் இருக்கிறது. ஹிமாலயன் ஏறத்தாழ 195 கிலோ. சமதளத்தில் ஓடும்போது அந்த எடை தெரியாது. மலையில் தெரியும் இடங்கள் மூன்று.

ஒன்று, நிற்கும்போது. மலை ரோட்டு ஒரு பக்கம் சரிந்திருக்கும். சரிந்த பக்கம் கால் ஊன்றினால் தரை மூன்று நாலு அங்குலம் கீழே. ஷோரூமின் ஓடு பதித்த தரையில் 825 மில்லிமீட்டர் சீட்டில் கால் எட்டியது. வளைவில் அதே சீட் 900க்கு மேல் ஆகிவிடுகிறது. ஐந்தடி நாலு அங்குலம் உள்ளவர் விரல் நுனியால் தேடுவார். தரை கிடைப்பதற்குள் 195 கிலோ சாயத் தொடங்கியிருக்கும். சாயத் தொடங்கிய பிறகு அதைப் பிடிக்கும் ஆள் நம்மில் குறைவு. 2020இல் வந்த 373 சிசி கேடிஎம் 390 அட்வென்சர் எடையில் குறைவு, ஆனால் சீட் 855.

இரண்டு, வீட்டு வாசலில். லயத்துக்குக் கீழே ரோட்டோரத்தில் பைக்கை நிறுத்தி, காலையில் பின்னோக்கித் தள்ளித் திருப்ப வேண்டும். மேட்டுப் பக்கம் தள்ள வேண்டுமென்றால் தனியாக முடியாது.

மூன்று, இறக்கத்தில். நானுஓயா–ரதல்ல குறுக்குப் பாதை போன்ற செங்குத்தில் எடை முழுவதும் முன் பிரேக்கில் வந்து இறங்கும். நீண்ட ஷொக் குனியும், புதிதாக ஓட்டுபவர் பயந்து இன்னும் அழுத்துவார். இரண்டாம் கியரில் எஞ்சினால் பிடித்து, பிரேக்கை விட்டு விட்டு இறங்கப் பழக வேண்டும். பழகினால் நல்ல பைக். பழக நாளாகும்.

அட்வென்சர் என்ற பெயரை நம்பி, ஓஹியவிலிருந்து உடவேரிய தோட்டம் வழியாகக் கலுப்பஹனைக்கு இறங்கும் டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் பாதையில் தனியாக இவற்றை இறக்க வேண்டாம். கழன்ற கல்லில் விழுந்த 195 கிலோவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: லீசிங் தவணை, முழுக் காப்புறுதி, 21 அங்குல டயருக்கான தேடல். பார்ட்ஸுக்குக் காத்திருக்கும் நாட்களில் பஸ் செலவு. பெற்றோலும் கூடுதல், மலையில் லீற்றருக்கு 30 கிலோமீட்டர் கிடைத்தால் நல்லது. 2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. அந்தக் காலத்தைக் கடந்தவர்கள் இந்தக் கணக்கைச் சாதாரணமாக ஒதுக்கமாட்டார்கள்.

## லேசான ட்ரெயில் பைக்: எக்ஸ்பல்ஸ் 200, பழைய ஜெபல், செரோ, பாஹா

எக்ஸ்பல்ஸ் ஏறத்தாழ 155 கிலோ. பழைய ஜப்பான் பைக்குகள் 120 முதல் 135 கிலோ. 21 அங்குல முன்சக்கரம், நீண்ட ஷொக், உயரமான எஞ்சின் எல்லாம் இவற்றிலும் உண்டு. விழுந்தால் ஒரு ஆள் தூக்கலாம். ஃபெயரிங் இல்லை, உடைய அதிகம் இல்லை. கம்பிச் சக்கரம் வளைந்தால் பாஸ் நிமிர்த்தித் தருவார்.

குறைகளும் தெளிவானவை. எக்ஸ்பல்ஸின் வலு 18, 19 குதிரைவலு அளவில்தான். பின்னால் ஆள் இருந்தால், இறம்பொடை ஏற்றத்தில் பஸ்ஸை முந்தும் முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். சீட் ஒடுக்கம், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வலிக்கும். எக்ஸ்பல்ஸ் சீட்டும் 823 மில்லிமீட்டர் உயரம்தான், ஆனால் லேசான பைக்கில் ஒரு கால் நுனி எட்டினாலே சமாளிக்கலாம். ட்யூப் டயர் என்பதால் பஞ்சர் ஆனால் வழியில் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். முள்ளுப்போன்ற பட்டன் டயர் போட்டிருந்தால் நனைந்த கார்பட்டில் வழுக்கும். பாதி ரோட்டு, பாதி மண் டயராக மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய ஜப்பான் பைக்குகளுக்குப் பார்ட்ஸ் தேடிக் கொழும்பில் பார்ட்ஸ் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேண்டும். அங்கே கிடைப்பதும் பெரும்பாலும் பாவித்தது. தினமும் வேலைக்கு ஓட்டுபவருக்கு இது பெரிய தலையிடி. பைக்கை அறிந்த பாஸ் பக்கத்தில் இருந்தால் மட்டும் இவற்றை எடுங்கள், இல்லையேல் எக்ஸ்பல்ஸ்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வேகமான பைக் | அட்வென்சர் டூரர் | லேசான ட்ரெயில் |
|---|---|---|---|
| கார்பட் வளைவு | மிக நன்று | நன்று | போதுமானது |
| தோட்டத்து ரோட்டு | மோசம் | நன்று, எடை தடை | மிக நன்று |
| ஏற்றத்தில் முந்துதல் | நன்று | நன்று | பலவீனம் |
| மெதுவான ஹேர்பின் | ஆர்15, ஆர்சியில் சிரமம் | மிக நன்று | நன்று |
| பின்னால் ஆள், சாமான் | நிமிர்ந்த ஹேண்டிலில் பரவாயில்லை | மிக நன்று | ஆள் அல்லது சாமான் |
| தனியாகத் தூக்குதல் | முடியும் | கடினம் | எளிது |
| பார்ட்ஸ் | என்எஸ்200க்கு எளிது | காத்திருக்க வேண்டும் | எக்ஸ்பல்ஸ் பரவாயில்லை, பழையவை கடினம் |
| விழுந்தால் செலவு | அதிகம் | நடுத்தரம் | குறைவு |

## யாருக்கு எது

டயகம, பொகவந்தலாவை, மடுல்சீமை போன்ற இடங்களில் உள்ளே இருக்கும் டிவிஷனுக்குத் தினமும் போய்வரும் ஆசிரியர், தபால்காரர், தோட்ட உத்தியோகத்தருக்கு எக்ஸ்பல்ஸ். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மழைக்காலம் அந்தப் பக்கங்களுக்கு ஒரே நேரத்தில் வருவதில்லை. தென்மேல் பருவம் ஹட்டன், மஸ்கெலியாவை மே முதல் நனைக்கும், மடுல்சீமை, பசறை பக்கம் வடகீழ் பருவத்தில் நனையும். எப்போது வந்தாலும் மண் ரோட்டு ஒன்றுதான்.

பண்டாரவளை, பதுளை, ஹட்டன் டவுனுக்குள் குடியிருந்து, கார்பட் ரோட்டிலேயே வேலைக்குப் போய், மனைவியையும் ஏற்றிக்கொள்பவருக்கு என்எஸ்200 போன்ற நிமிர்ந்த 200 சிசி. ஹிமாலயன் ஆசை இருந்தாலும் அந்தப் பணத்தை இங்கே மிச்சம் பிடிக்கலாம்.

கொழும்பிலிருந்து மாதம் இரு தடவை மலைக்கு வருகிறவர், நீண்ட தூரம், இரண்டு பேர், பைகள், வழியில் எந்த ரோட்டும் வரலாம் என்பவருக்குத்தான் அட்வென்சர் டூரர் உண்மையில் பொருந்துகிறது. கால் எட்ட வேண்டும், உடம்பில் பலம் வேண்டும், லீசிங் தவணை சம்பளத்தை விழுங்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் அதைவிட நல்ல துணை இல்லை.

வேகமே ஆசை என்பவர், வீட்டில் இன்னொரு பைக் இருந்தால், ஆர்15 எடுக்கட்டும், ஆனால் அந்த ஆசையை எதிரே வாகனம் வராத இடத்தில் தீர்க்கட்டும். நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்ற வாகனப் போட்டி 1934இல் தொடங்கியது. ரோட்டை மூடி, அம்பியூலன்சை நிறுத்தி, மலையில் வேகம் பார்க்க ஏற்பட்ட இடம் அது.

## பணம் கொடுக்கும் முன்

ஷோரூம் வாசலில் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். முடிந்தால் ஒரு சரிவான வளைவில் நிறுத்தி, சரிந்த பக்கம் கால் ஊன்றிப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, மேட்டில் பின்னோக்கி இரண்டு மீட்டர் தள்ளிப் பாருங்கள். பின் சீட்டில் யார் ஏறப்போகிறார்களோ அவரைக் கூட்டிப்போய் ஏறச் சொல்லுங்கள்.

பாவித்த பைக் என்றால் முன் ஷொக்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, சக்கரக் கம்பிகள் ஒரே இறுக்கமா, செயின் ஸ்ப்ரொக்கட் பல் கூர்ந்துவிட்டதா என்று பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போது எஞ்சின் ஏற்கனவே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லி வந்துவிடுங்கள். பழைய ட்ரெயில் பைக்குகளில் சேசிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் சிஆர் புத்தகத்தோடு (வாகனப் பதிவுச் சான்றோடு) எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஓப்பன் பேப்பரில் (பதிவில் பெயர் மாற்றாமல்) கைமாறி வந்த பைக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பதிவிலுள்ள உரிமையாளர் வந்து கையெழுத்து வைக்கும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள். 100 சிசிக்கு மேற்பட்ட பைக் ஓட்ட ஏ வகை அனுமதி வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 மட்டும் இருந்தால் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள், விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.